கழற்றும் முன்: தோட்டத்துப் பட்டணத்தில் ஒரு பழைய லெகசி வேகன்

முதல் வருஷம் நான் செய்த பெரிய தப்பு ஓர் அடைப்பாணியில் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிவிட்டு, பின் டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) எண்ணெயை மாற்றலாம் என்று காரைத் தூக்கி நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தினேன். கீழே இருக்கும் அடைப்பைக் கழற்றி எண்ணெயை வடித்தாயிற்று. மேலே இருக்கும் ஊற்றும் அடைப்பு அசையவே இல்லை. இருபது வருஷத் துரு. பழைய எண்ணெய் வெளியே போய்விட்டது, புதியது உள்ளே போக வழி இல்லை, கார் ஆகாயத்தில் நிற்கிறது. நீளக் கைப்பிடி ஒன்று வாங்க கப்சாய் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு ஏறத்தாழ 30 கி.மீ. போனேன். ஞாயிறு. கடை பூட்டியிருந்தது.

என் மாமா ஒரு காலத்தில் தோட்டத்து வொர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். மாலையில் வந்து காருக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, ஊத்துற வழி திறக்குதான்னு பாக்காம வடிக்கிற வழியத் தொறப்பாங்களா?" என்றார். "தெரியாம செஞ்சிட்டேன் மாமா" என்றேன். கார் மூன்று நாள் அப்படியே நின்றது.

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. பக்கத்துத் தெருவில் கடை இருக்கும். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் நம் மாதிரிப் பட்டணத்தில் இந்த வகைக் காருக்கான சாமான் கையில் கிடைக்காது. கூரியரில் வர வேண்டும், அல்லது பாதியாக வெட்டிக் கொண்டுவந்த பழைய கார்களை விற்கும் ஹாஃப் கட் கடையில் தேடி எடுக்க வேண்டும். அதனால் இங்கே கார் வேலையின் முக்கால்வாசி, ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே நடக்கிற வேலை. புதிதாக இப்படி ஒரு கார் வாங்கியவர்களுக்காக, நான் செய்த வரிசையில் எழுதுகிறேன்.

எந்தக் கார்

நான் வைத்திருப்பது சுபாரு லெகசி ஜிடி வேகன், மாடல் குறியீடு பிபி5. 2003-இல் ஜப்பானில் வந்த நான்காம் தலைமுறை. அந்த வருஷம் ஜப்பானின் 'கார் ஆஃப் தி இயர்' விருதை வாங்கியது இந்தத் தலைமுறைதான். 1,994 சிசி டர்போ பாக்ஸர் எஞ்சின், நான்கு சக்கர ஓட்டம். மேனுவலுக்கு 280 குதிரைத்திறன், ஆட்டோவுக்கு 260. இதற்கு முந்தைய பிஎச்5-இல் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வேலை செய்யும் இரண்டு டர்போக்கள் இருந்தன. அந்த வாக்குவம் குழாய்க் காட்டுக்குள் புதியவர்கள் நுழைய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பிபி5-இல் ஒரே டர்போ. வேலை பாதியாகக் குறைகிறது.

இரண்டு லிட்டருக்குள் இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. தீபகற்ப மலேசியாவில் தனியார் காராகப் பதிந்தால் 2,000 சிசி வரை சாலை வரி 280 வெள்ளியும் (ரிங்கிட்), 1,800-க்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 50 காசும். கணக்குப் போட்டால் 377 வெள்ளி. இதே காரின் 2.5 லிட்டர் எஞ்சின் என்றால் எண்ணூறைத் தாண்டிவிடும்.

வாங்கியதும் முதல் வேலை: சேசிஸ் எண்ணையும், தகட்டில் இருக்கும் மாடல் குறியீட்டையும் படம் எடுத்து கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பிபி5-இல் 'ஏ' முதல் 'எஃப்' வரை வருஷத்துக்கு வருஷம் சின்ன மாற்றங்கள் உண்டு. 'லெகசி ஜிடிக்கு ஒரு ஹோஸ்' என்று கேட்டால் கடைக்காரர் ஏதோ ஒன்றை அனுப்புவார். சேசிஸ் எண்ணை வைத்துப் பார்ட் எண்ணைக் கண்டுபிடித்து, அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால்தான் சரியானது வரும். சாமான் தவறாக வந்தால் திருப்பி அனுப்பி, மறுபடி காத்திருந்து, மொத்தம் பத்து நாள் போய்விடும்.

வாசலைத் தயார் செய்வது

காருடன் வரும் கத்தரி ஜாக், டயர் மாற்ற மட்டும். அதன் மேல் காரை நிறுத்தி அடியில் படுக்கக் கூடாது. டிராலி ஜாக் ஒன்று, ஸ்டாண்டு நான்கு, சக்கரத்துக்கு வைக்கும் கட்டை இரண்டு, இறுக்கத்தை நியூட்டன் மீட்டரில் காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று. இவற்றில் கஞ்சத்தனம் வேண்டாம். மற்றதையெல்லாம் மெதுவாகச் சேர்க்கலாம்.

தோட்டத்து வீடுகளில் பலருக்கு வாசலில் சிமெண்டு இருக்காது. செம்மண் தரை வெயிலில் கல் மாதிரி இருக்கும். நாலு மணி மழை ஒன்று பெய்தால் ஸ்டாண்டின் கால் மெல்ல இறங்கும். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கீழே ஓர் அடிக்கு ஓர் அடி கனமான பிளைவுட் வையுங்கள். மழைமூட்டம் இருந்தால் அன்றைக்குக் காரைத் தூக்காதீர்கள். தூக்கியபின் இடுப்பால் ஒரு முட்டு முட்டிப் பாருங்கள். ஆடினால் இறக்கி மறுபடி வையுங்கள். கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்க வைப்பது என் பழக்கம். ஸ்டாண்டு வழுக்கினாலும் கார் என் மேல் வராது.

அப்புறம், இரண்டாவது வண்டி. கப்சாயாக இருந்தாலும் போதும். கழற்றிப் போட்ட காரில் ஏறிப் போய் நட்டு வாங்க முடியாது.

முதல் மாதம்: எதையும் கழற்ற வேண்டாம்

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பொன்னெட்டைத் திறந்து பார்த்து எழுதுங்கள்: எண்ணெய் மட்டம், கூலன்ட் மட்டம், புதிதாக ஈரம் எங்கே, ஓடிய தூரம். ஒரு மாதம் எழுதினால் கார் எதைக் குடிக்கிறது, எதைக் கசிகிறது என்று தெரிந்துவிடும்.

எண்ணெய்க் குச்சியில் ஒரு சூது உண்டு. இந்த எஞ்சினில் குச்சி போகும் குழாயின் சுவரில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். குச்சியை இழுத்தால் ஒரு பக்கம் நிறைய இருப்பதாகக் காட்டும், மறுபக்கம் பாதிதான் காட்டும். குறைவாகக் காட்டும் பக்கத்தை நம்புங்கள். முதல் நாளே இது தெரியாமல் 'நிறைய இருக்கிறது' என்று நிம்மதியாக இருந்தவர்கள் பலர்.

கூலன்ட் சேமிப்புத் தொட்டியையும் பாருங்கள். எஞ்சின் சூடாக ஓடும்போது அதில் விடாமல் குமிழ் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் சீல்) சந்தேகம். அப்படி என்றால் இந்தக் கட்டுரையை மடித்து வைத்துவிட்டு நல்ல ஃபோர்மனிடம் (பட்டறை மெக்கானிக்) காட்டுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு சோதனை: எலி. செம்பனைக் காட்டில் எலி ஏராளம். அதற்காகவே தோட்டங்களில் கம்பம் நட்டு ஆந்தைக்குப் பெட்டி வைக்கிறார்கள். ஆந்தைக்குத் தப்பிய எலி, சூடான எஞ்சின் மேல் வந்து படுக்கும். இன்டர்கூலருக்கு (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது) அடியில், பேட்டரிக்குப் பக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். செம்பனைப் பழத்தின் நார், கடித்த ஒயர் உறை, புழுக்கை எதுவும் இருந்தால் ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க வேண்டும். என் காரில் ஓர் இக்னிஷன் காயில் ஒயர் பாதி கடிபட்டிருந்தது. மூன்று வாரம் நான் பிளக்கையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எஞ்சின் எண்ணெய்

டர்போ எஞ்சின் உயிரோடு இருப்பதும் போவதும் எண்ணெயால்தான். 5,000 கி.மீ. அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அதில் மாற்றுங்கள். தொழிற்சாலை சொல்வது 5டபிள்யூ-30. நம் வெயிலுக்கு நான் 5டபிள்யூ-40 ஃபுல்லி சிந்தெடிக் ஊற்றுகிறேன். 4 லிட்டர் டப்பா ஒன்று, கூடுதலாக 1 லிட்டர், ஃபில்டர், வடிகால் ஆணிக்குப் புது வாஷர். நான்கும் கையில் வந்த பிறகுதான் காரைத் தூக்க வேண்டும்.

எஞ்சினை ஐந்து நிமிஷம் ஓட விட்டு நிறுத்துங்கள். எண்ணெய் இளகும், ஆனால் எக்ஸாஸ்ட் சுடாது. இதற்கு மேல் சூடாக்கினால் ஃபில்டரைச் சுற்றியிருக்கும் எக்ஸாஸ்ட் குழாய்கள் முழங்கையைப் பதம் பார்க்கும்.

இப்போது காருக்கு அடியில் படுத்து நிதானமாகப் பாருங்கள். இங்கேதான் சுபாருவில் மிகப் பிரபலமான தப்பு நடக்கிறது. எஞ்சினின் வடிகால் ஆணியும் ஆட்டோ கியர் பாக்ஸின் வடிகால் ஆணியும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். தெரியாதவர்கள் கியர் எண்ணெயை வடித்துவிட்டு, ஏற்கெனவே நிறைந்திருக்கும் எஞ்சினில் இன்னும் 4 லிட்டர் ஊற்றிவிடுவார்கள். கியர் பாக்ஸ் காலி, எஞ்சின் வழியும். ஒரு பட்டறையில் எனக்குத் தெரிந்தவர் ஒருவரின் காருக்கு இப்படித்தான் நடந்தது. வீட்டுக்கு வரும் வழியிலேயே கார் இழுக்காமல் நின்றுவிட்டது. அடையாளம் எளிது: முன் சக்கர அச்சுக்கு முன்னால் இருப்பது எஞ்சினுடையது. அச்சிலும் அதற்குப் பின்னாலும் இருப்பவை கியர் பாக்ஸும் முன் டிஃபரன்ஷியலும். சரியான ஆணியைக் கண்டுபிடித்ததும் வெள்ளை பெயின்டால் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். அடுத்த முறை வேறு யாரிடம் கொடுத்தாலும் அந்தப் பொட்டைக் காட்டலாம்.

முதலில் மேலே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். பிறகு 17 மி.மீ. ஸ்பேனரால் ஆணியைத் தளர்த்தி, கையால் சுழற்றி எடுங்கள். வடிந்ததும் புது வாஷருடன் 44 நியூட்டன் மீட்டர் இறுக்கம். பலம் இருக்கிறது என்று அதற்கு மேல் திருகினால் எண்ணெய்த் தொட்டியின் மரை போகும். ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் பழையதோடு சேர்ந்து வந்ததா என்று பாருங்கள். ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றால், புது ஃபில்டரின் வளையமும் சேர்ந்து இரண்டாகி எண்ணெய் பீய்ச்சும். புது வளையத்தில் விரலால் எண்ணெய் தடவி, தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று. 4 லிட்டர் ஊற்றி, ஒரு நிமிஷம் ஓட்டி நிறுத்தி, பத்து நிமிஷம் காத்திருந்து குச்சி பாருங்கள். குறைந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், வேலிக்கும் அடிக்காதீர்கள். சுற்றுச்சூழல் துறையின் அட்டவணைக் கழிவுப் பட்டியலில் அதற்கு எஸ்டபிள்யூ 305 என்று ஓர் எண்ணே உண்டு. டப்பாவில் பிடித்துப் பக்கத்துப் பட்டறையில் கொடுங்கள். அவர்களிடம் எடுத்துப் போக ஆள் வருவார்.

எண்ணெய் விஷயத்தில் இன்னும் ஒன்று. டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாயின் முனையில் நடுவே துளையிட்ட ஒரு போல்ட் இருக்கும். பான்ஜோ போல்ட் என்பார்கள். என் எஞ்சினில் அதற்குள் ஒரு சின்ன வலை இருந்தது. கழற்றி உள்ளங்கையில் வைத்தால் சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். வலையின் கண்களில் பாதி, காய்ந்த தார் மாதிரி கறுப்பாக அடைத்திருந்தது. முந்தைய உரிமையாளர் எண்ணெயைத் தள்ளித் தள்ளி மாற்றியதன் கணக்கு அது. இது முழுக்க அடைத்தால் டர்போ எண்ணெய் இல்லாமல் சுழலும், பேரிங் தேயும், ஆயிரக்கணக்கில் செலவு. வாங்கிய முதல் வருஷத்தில் ஒருமுறை இதைப் பார்த்துவிடுங்கள். இருபுறமும் வைக்கும் செம்பு வாஷர்களைப் புதிதாக வாங்கி வைத்துக்கொண்டு கழற்றுங்கள். பழையதை மறுபடி போட்டால் கசிந்து, சூடான டர்போவின் மேல் எண்ணெய் சொட்டும்.

மற்ற எண்ணெய்கள்

பின் டிஃபரன்ஷியல் கதையை மேலேயே சொல்லிவிட்டேன். அதில் இருக்கும் அடைப்புகளுக்கு அரை அங்குலச் சதுரக் குழி. ராட்செட்டின் தலையே நேராக உட்காரும். முதல் நாள் இரவே துரு எண்ணெய் அடித்து வையுங்கள், ஊற்றும் அடைப்பை முதலில் திறந்து பாருங்கள், திறந்தால் மட்டும் வடியுங்கள். 75டபிள்யூ-90 ஜிஎல்-5, ஒரு லிட்டர் வாங்கினால் போதும். ஊற்றும் துளையில் எண்ணெய் ததும்பும்போது நிறுத்துங்கள்.

மேனுவலில் கியர் பாக்ஸும் முன் டிஃபரன்ஷியலும் ஒரே எண்ணெயைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆட்டோவில் தனித்தனி. இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? டாட் 4 வாங்கி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இதற்கு வீட்டில் ஓர் ஆள் வேண்டும். நான் கீழே இருந்து "அமுக்கு" என்பேன், மனைவி மேலே "அமுக்கிட்டேன்" என்பாள், நான் பிரேக்கின் வடிகால் நிப்பிளைத் திறந்து மூடிவிட்டு "விடு" என்பேன். மூடுவதற்கு முன் விட்டால் காற்று உள்ளே போகும், வேலை முதலிலிருந்து. திட்டாமல் செய்யப் பழகுங்கள். திட்டினால் அடுத்த வருஷம் ஆள் கிடைக்காது.

சூடு

இந்தக் காரின் பெரிய எதிரி நம் வெயில். டர்போ எஞ்சினில் கூலன்டுக்கு இரண்டு மூடிகள்: எஞ்சின் மேல் இருக்கும் சின்னத் தொட்டியில் ஒன்று, ரேடியேட்டரில் ஒன்று. நிரப்ப வேண்டியது உயரமாக இருக்கும் எஞ்சின் தொட்டி வழியாக. ரேடியேட்டரின் மேலே காற்று போக ஒரு திருகு இருக்கும், அதைத் திறந்து வைத்து மெதுவாக ஊற்றுங்கள். படுத்த நிலையில் இருக்கும் எஞ்சின் ஆதலால் உள்ளே காற்று தங்கப் பார்க்கும். நிரப்பியபின் ஏர்கானைச் சூட்டுக்குத் திருப்பி, எஞ்சினை ஓடவிட்டு, கையால் மேல் ஹோஸைப் பிசைந்து பிசைந்து காற்றை விரட்ட வேண்டும். ஆறியதும் மறுபடி மட்டம் பாருங்கள். மறுநாள் காலையும் பாருங்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். இங்கே ஐஸ் உறையப் போவதில்லைதான், கூலன்ட் வேண்டியது துருவுக்கும் கொதிநிலைக்கும்.

வேலை முடிந்ததும் நான் சோதிக்கும் இடம் மேனோரா சுரங்கப்பாதை. கோலகங்சாரில் நெடுஞ்சாலை ஏறி ஈப்போ பக்கம் வந்தால், லாரிகள் மூச்சு வாங்கும் ஏற்றம். ஆனால் மீட்டர் முள்ளை நம்பாதீர்கள். சாதாரணச் சூட்டிலும் அதிகச் சூட்டிலும் அது நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். நகர ஆரம்பிக்கும்போது காலம் கடந்திருக்கும். கூலன்டின் உண்மையான டிகிரியைக் காட்டும் ஸ்கேனர் ஒன்றை மாட்டிக்கொண்டு ஏறுங்கள். எனக்கு ஏற்றத்தில் 95-ஐ ஒட்டிப் போகும், சமதளத்தில் இறங்கிவிடும். இறங்காமல் நின்றால் ரேடியேட்டர் அடைப்பு, விசிறி, மூடி, தெர்மோஸ்டாட் என்ற வரிசையில் பார்ப்பேன்.

காற்று எங்கே ஓடிப்போகிறது

'கார் முன்னே மாதிரி இழுக்கவில்லை, டர்போ போய்விட்டது போல' என்று வருகிறவர்களில் பலருக்குப் போயிருப்பது டர்போ இல்லை, ஒரு ரப்பர் குழாய். இருபது வருஷத்தில் வாக்குவம் குழாய்கள் பிஸ்கட் ஆகிவிடும். மேலே இருக்கும் இன்டர்கூலரின் பிளாஸ்டிக் ஓரம் அலுமினியத்தோடு சேரும் இடத்திலும் காற்று கசியும்.

இதைக் கண்டுபிடிக்கும் கருவியை ஹார்ட்வேர் கடைச் சாமானிலேயே செய்யலாம். காற்றுக் குழாயின் அளவுக்கு ஒரு பிவிசி மூடி, நடுவே துளையிட்டு ஒரு டயர் வால்வு. ஏர் ஃபில்டர் பெட்டியை அடுத்த குழாயில் அதை மாட்டி, கிளிப் இறுக்கி, சைக்கிள் பம்பாலோ சின்ன கம்ப்ரெசராலோ காற்று அடியுங்கள். 0.5 பாருக்கு மேல் வேண்டாம். இந்தக் காற்று எஞ்சின் வயிற்றுக்கும் போகும், அதிகமானால் சீல் பிதுங்கும். சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சிப் பாருங்கள். நுரை எங்கே கிளம்புகிறதோ அங்கே குற்றவாளி. என் காரில் இன்டர்கூலரையும் டர்போவையும் சேர்க்கும் ஹோஸில், கீழ்ப்பக்கம், கண்ணுக்கே தெரியாத இடத்தில் நுரை வந்தது. ஒரு கிளிப்பும் ஒரு ஹோஸும் மாற்றியதில் வந்த வேகம், பிறகு நான் காசு கொடுத்துச் செய்த எந்த மாற்றத்திலும் வரவில்லை.

டைமிங் பெல்ட்டை விட்டுவிடுங்கள்

ஒரு லட்சம் கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. எப்போது மாற்றினார்கள் என்று காகிதம் இல்லை என்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். நான்கு கேம் ஷாஃப்ட். ஸ்பிரிங் அழுத்தத்தில் கை வைக்கும்போதே சுழன்றுவிடும். முதல் முறையாக இதை வாசலில் செய்து பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை, உங்களுக்கும் வேண்டாம். ஆனால் சாமானை நீங்களே வாங்கிக் கொடுங்கள்: பெல்ட், டென்ஷனர், ஐட்லர்கள் எல்லாம், வாட்டர் பம்ப். பெல்ட்டை மட்டும் மாற்றி பழைய ஐட்லரை விட்டால், அது இறுகும் நாளில் புதுப் பெல்ட்டும் போகும். ஃபோர்மன் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய சாமான்களைக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.

டயர் நான்கும் ஒரே மாதிரி

நான்கு சக்கர ஓட்டக் காருக்கு இது விலக்கில்லாத விதி. ஒரு டயர் மட்டும் புதிதாக இருந்தால் அது மற்றதைவிடப் பெரிது. ஓடும் ஒவ்வொரு கணமும் நடு டிஃபரன்ஷியல் அந்த வித்தியாசத்தைச் சமாளித்துச் சூடாகும். சுற்றளவில் 6 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது சுபாரு கணக்கு. ஜிடிக்கு 215/45 ஆர்17. நான்கையும் ஒன்றாக வாங்கி, 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போடுங்கள். தோட்டத்து மண் ரோட்டில் ஓட்டுகிறவர்கள் ஏர் ஃபில்டரையும் அதே நாளில் தட்டிப் பாருங்கள். செந்தூசு அரைக் கிண்ணம் விழும்.

வேகன் என்பதால் வரும் வேலைகள்

தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும்போது பாய், பானை, மாமியார் என்று எல்லாவற்றையும் ஏற்றுகிறோம். பின் சக்கர பேரிங் அந்தப் பாரத்தைத் தாங்குகிறது. 80 கி.மீ. வேகத்தில் பின்னாலிருந்து ஒரு ரீங்காரம், வளைவில் கூடிக் குறைந்தால் அதுதான். பின் கதவைத் தாங்கும் கேஸ் கம்பிகளும் தளர்ந்திருக்கும். பொருள் எடுக்கும்போது கதவு தலையில் விழுந்தால் அடையாளம் தெரியும். மாற்றுவது பத்து நிமிஷ வேலை, ஒருவர் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் காரின் கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது. கண்ணாடி நேராக ரப்பரில் போய் அழுத்தும். நம் வெயிலில் ரப்பர் இறுகி, மழையில் தொடை நனையும். மாதம் ஒருமுறை சிலிகான் தடவினால் பல வருஷம் தள்ளிப் போடலாம்.

மாற்றங்கள்: என் வரிசை

இதுவரை சொன்னதெல்லாம் முடிந்து, நோட்டுப் புத்தகத்தில் மூன்று மாதம் புதிதாக எதுவும் எழுத வேண்டியிராமல் போனால், மாற்றங்களைப் பற்றி யோசிக்கலாம்.

முதலில் பிரேக் பேட், நல்ல டயர். அடுத்து பிட்ச் ஸ்டாப்பர்: எஞ்சின் முன்னும் பின்னும் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் நாய் எலும்பு மாதிரி ஒரு சின்னத் துண்டு. இன்டர்கூலரை எடுத்தால் இரண்டு போல்ட்தான். புதியவர் கைக்கு நல்ல பயிற்சி. கியர் மாற்றும்போது வரும் 'டொக்' பாதி அடங்கும். கடினமான ரகம் வாங்கினால் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்கும், அதனால் நான் தொழிற்சாலைச் சாமானின் கெட்டி ரகத்தோடு நிறுத்திக்கொண்டேன். மூன்றாவது, பின்பக்க ஆன்டி ரோல் பார், அதோடு தேய்ந்துபோன புஷ்கள். வளைவில் முன்பக்கம் தள்ளிக்கொண்டு போகும் குணம் குறையும். காசுக்கு அதிக சுகம் தரும் மாற்றம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், கூட்டுவது கடைசி. ஜப்பானில் இந்தக் காருக்குப் போடும் ஹை ஆக்டேன் பெட்ரோல் 100 ரோனை (ஆக்டேன் அளவு) ஒட்டியது. இங்கே 95 போட்டால் எஞ்சின் நாக் ஆகாமல் இருக்கக் கணினி டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும், வேகம் குறையும். 97 குறைந்தபட்சம். ஜப்பான் மேப்பின் (எஞ்சின் கணினியில் இருக்கும் அமைப்பு) மேலேயே பூஸ்டைக் கூட்டி 95-ஐ ஊற்றினால் பிஸ்டனின் வளையச் சுவர் உடையும். அதன்பின் ஹாஃப் கட் கடையில் எஞ்சின் தேட வேண்டியதுதான். தவுக்கே, அதாவது கடை முதலாளி, ஓட்டிக் காட்டாத எஞ்சினை வாங்காதீர்கள். எஞ்சினை மாற்றினால் ஜேபிஜேயின் (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதியும் சோதனையும் வேண்டும், கிராண்டில் (வாகனப் பதிவுப் பத்திரம்) எண் மாற வேண்டும்.

கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுவதாக இருந்தால் 2019 மே முதல் உள்ள விதி: முன் கண்ணாடி 70 விழுக்காடு வெளிச்சம் விட வேண்டும், முன் பக்கக் கண்ணாடிகள் 50. பின்னால் எவ்வளவு கறுப்பும் சரி. சத்தமான எக்ஸாஸ்ட் பற்றி ஒன்றே ஒன்று: அதிகாலையில் தாமானில் கிளப்பினால் ஜேபிஜேக்கு முன்பே பக்கத்து வீட்டு அக்கா வந்துவிடுவார்.

கடைசியாக ரேடியோ. ஜப்பான் ரேடியோ 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். நம் நிலையங்கள் பெரும்பாலும் அதற்கு மேலே. மின்னல், ராகா என்ற நம் தமிழ் வானொலிகள் இல்லாமல் எத்தனை நாள் ஓட்டுவது? ஆன்டெனா ஒயருக்கு நடுவே மாட்டும் பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற தீப்பெட்டி அளவுச் சாமான் ஒன்று போதும். இந்தக் காரில் ஏர்கான் பொத்தான்களும் ரேடியோவும் ஒரே பலகையில் இருப்பதால், அதை முழுதாக வெளியே எடுக்க வேண்டும். இருபது வருஷ வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் அப்போது உடையும். எனக்கு நான்கு உடைந்தன. எக்ஸ்பாண்டரை ஆர்டர் செய்யும்போதே கிளிப்புகளையும் சேர்த்து ஆர்டர் செய்துவிடுங்கள்.